வெற்றுத் திரையைப் பார்த்துத் தாத்தாவைக் கைவிடாதீர்கள்

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதிக்காரர், வயது அறுபதுக்கு மேல். "எங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றி ஒரு காகிதமும் இல்லையாம் அம்மா, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்றார், குரல் கம்ம. என்ன தட்டினீர்கள் என்று கேட்டேன். கோவெண்டர் என்ற குடும்பப் பெயரை, ஒரே தேடல் பெட்டியில், ஆறு மாதமாக. டர்பனில் நூற்பட்டியல் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது.

ஐயா, நூலகப் பட்டியல் கூகுள் அல்ல. நூலின் உள்ளே இருக்கும் பக்கங்களை அது படிப்பதே இல்லை. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் சொற்கள்) என்று என்னைப் போன்றவர்கள் எழுதிவைத்த சில வரிகளைத்தான் அது துழாவுகிறது. 400 பக்க நூலில் உங்கள் தாத்தா உழைத்த கரும்புத் தோட்டம் 10 பக்கத்துக்கு வந்தாலும் பட்டியலுக்குத் தெரியாது. ஆவணக் காப்பகத்தின் தேடலும் அப்படியே: கோப்பைப் பற்றிய குறிப்பு இருக்கும், கோப்பு இருக்காது. திரை வெறுமையாக இருந்தால், நீங்கள் கொடுத்த எழுத்துகள் அந்தச் சில வரிகளில் இல்லை என்பது மட்டுமே பொருள். ஆவணம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை!

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றத்துக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியல்களில் ஆளுக்கொரு எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. இன்று நாம் சொல்லும் குடும்பப் பெயரை அங்கே தேடிப் பயனில்லை. கோவெண்டரும் படையாட்சியும் பலருக்கு இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்டவை.

அதனால் மேம்பட்ட தேடலுக்குள் போங்கள். ஆண்டு எல்லையைக் குறுக்குங்கள். முனுசாமியை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். முதல் சில எழுத்துகளோடு நட்சத்திரக் குறி போட்டுப் பாருங்கள். குறி தளத்துக்குத் தளம் மாறும், உதவிப் பக்கத்தைப் படிக்கச் சோம்பாதீர்கள். பொருள் தலைப்பில் 'நேட்டால் தமிழர்' என்று தேடிக் கிடைக்காதது 'ஈஸ்ட் இண்டியன்ஸ், சவுத் ஆப்பிரிக்கா' என்பதில் கிடைக்கலாம். 'கூலி' என்ற சொல்லையும் தட்டத்தான் வேண்டும். இங்கே அது இழிசொல், எனக்கும் கை கூசுகிறது. ஆனால் அன்றைய அதிகாரிகள் எழுதியது அதைத்தான். தமிழ் நூல்களைத் தேடும்போது இன்னொன்று: பல பெரிய நூலகங்கள் ழகரத்தை 'எல்' எழுத்தின் அடியில் கோடிட்டு எழுதுகின்றன. 'இசட் எச்' என்று தட்டினால் ஒன்றும் வராது.

கண்ணில் பட்ட முதல் முனுசாமியைத் தாத்தாவாக்கிக் குடும்ப மரம் அச்சடித்துவிடாதீர்கள். தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போகட்டும்.

சாட்ஸ்வர்த்துக்காரரின் பையில் ஒரு பழைய சான்றிதழ் இருந்தது, மூலையில் ஓர் எண்ணோடு. "வெறும் நம்பர்தானே" என்று அதை அவர் தட்டியதே இல்லை. கப்பல் பட்டியலில் தாத்தாவுக்குக் கொடுத்த எண்தான் அது. அரை மணி நேரத்தில் கப்பலும் ஊரும் கிடைத்தன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கலாம், பெரியவர்களைக் கேளுங்கள். தயவுசெய்து அதை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, மடிக்காமல் ஓர் உறையில் போட்டு எடுத்து வாருங்கள்.