ஐந்து நட்சத்திரங்களை ஊழியரிடம் கேட்டு வாங்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவர் என்னை அழைத்தார். மூன்று மாதங்களாக நான்கு பணியிடங்கள் நிரம்பவில்லை என்றும், நேர்காணலில் தேறியவர்கள் நியமனக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, சேர வேண்டிய நாளன்று தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை என்றும் குறைபட்டுக்கொண்டார். பேசிக்கொண்டே, ஊழியர்கள் தங்கள் நிறுவனங்களைப் பற்றி மதிப்புரை எழுதும் தளமான கிளாஸ்டோரில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு மனிதர்கள் எழுதிய ஏழெட்டுக் கசப்பான மதிப்புரைகள் இருந்தன. அவற்றுக்கு மேலே, ஒரே வாரத்தில், ஒரே நடையில் எழுதப்பட்ட பதினொரு ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் இருந்தன. குறைகளைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் பதினொருவரும் "சொல்லும்படி ஒன்றும் இல்லை" என்றே எழுதியிருந்தார்கள். இது எப்படி நடந்தது என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்சி அறையில் உட்காரவைத்து எழுதச் சொன்னோம் என்று சற்றும் தயங்காமல் பதில் வந்தது. இதே பதிலை இந்த ஆண்டில் வேறு சிலரிடமும் கேட்டுவிட்டேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சமூக ஊடகத்தில் நிறுவனத்துக்குப் பக்கம் தொடங்குவது எப்படி, எந்த நேரத்தில் பதிவிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள், ரீல்ஸ் எத்தனை நொடி இருக்க வேண்டும் என்பவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை உங்கள் அலுவலகத்தில் உள்ள இளையவர் எவரும் அரைமணி நேரத்தில் கற்றுத் தந்துவிடுவார். 'எம்ப்ளாயர் பிராண்ட்' என்று இன்று எல்லோரும் உச்சரிக்கும் தொடரை டிம் ஆம்ப்ளர், சைமன் பாரோ ஆகிய இருவரும் 1996இல் ஓர் ஆய்விதழில் விளக்கியபோது, ஒரு வேலை தருகின்ற செயல்சார்ந்த, பொருளாதார, உளவியல் பயன்களின் தொகுப்பு என்றே அதை வரையறுத்தார்கள். அந்த வேலையில் எதைக் கற்றுக்கொள்ள முடியும், கையில் எவ்வளவு வரும், அங்கே மனிதர் மனிதராக நடத்தப்படுகிறாரா என்பவையே அதன் பொருள். தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்டுஇன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததோ 2003ஆம் ஆண்டில்தான். வேலை தருபவர் என்ற முறையில் ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் பெயர் அதற்கு வெகு முன்பிருந்தே தேநீர் இடைவேளைகளில் பேசப்பட்டு வந்தது. இப்போது அந்தப் பேச்சு எழுத்தில் பதிவாகிறது, அழியாமல் நிற்கிறது, வேலை தேடுபவர் நள்ளிரவில் அதைப் படிக்கிறார்.

என்னை மிகவும் எரிச்சலூட்டும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். "நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொன்னால் எவரும் நம்புவதில்லை, ஊழியர் சொன்னால் நம்புகிறார்கள், ஆகவே ஊழியர்களைச் சொல்லவைப்போம்" என்பதே அது. முதல் பாதி முற்றிலும் சரி. இரண்டாம் பாதி முதல் பாதியைக் கொன்றுவிடுகிறது. ஊழியரின் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அவர் அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம் என்பதிலிருந்து வருகிறது. மேலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட பாராட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே அது நிறுவனத்தின் சொல்தான், கையெழுத்து மட்டும் ஊழியருடையது. படிப்பவருக்கு இது தெரியாது என்று நினைப்பவர்கள், தாங்கள் வேலை தேடிய காலத்தை முற்றிலும் மறந்துவிட்டவர்கள்.

இதைப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொரு பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். விண்ணப்பதாரரின் திறமை வேலை தருபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கல்வித் தகுதி போன்ற ஓர் அடையாளத்தைப் பார்த்து அவர் முடிவெடுக்கிறார். அந்த அடையாளம் பயன்படுவதற்கு ஒரே காரணம், திறமை குறைந்தவர் அதைப் பெறுவதற்கு மற்றவரைவிட அதிகமாகப் பாடுபட வேண்டியிருக்கிறது என்பதுதான். எல்லோரும் எளிதில் காட்டக்கூடிய அடையாளத்தால் எவரையும் பிரித்தறிய முடியாது. இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். நிறுவனத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது விண்ணப்பதாரரின் கண்ணுக்குத் தெரியாது. அவரும் அடையாளங்களைத் தேடுகிறார். பிறந்தநாள் கேக் வெட்டும் படம், மகளிர் தின வாழ்த்து, "நாங்கள் ஒரே குடும்பம்" என்ற வாசகம் ஆகியவற்றை மிக மோசமான நிறுவனமும் பத்து நிமிடத்தில் வெளியிட்டுவிடும். அப்படியானால் உங்கள் படம் அவருக்கு எதைச் சொல்கிறது? கேக்கின் நிறத்தைச் சொல்கிறது.

எனவே ஒவ்வொரு பதிவுக்கும் முன் நான் என் வாடிக்கையாளர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதையே ஒரு மோசமான நிறுவனம் வெளியிட முடியுமா? முடியும் என்றால் அந்தப் பதிவு எந்த வேலையும் செய்யாது. மோசமான நிறுவனத்தால் வெளியிட முடியாதவை சில உண்டு. சம்பளம் எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதை விளம்பரத்திலேயே சொல்வது. நேர்காணல் எத்தனை சுற்றுகள், முடிவு எத்தனை நாளில் தெரியும் என்று எழுதி, அந்த நாளைத் தவறாமல் காப்பது. இரவுப் பணி மாதத்தில் எத்தனை முறை வரும் என்று மறைக்காமல் கூறுவது. பத்தாண்டுகளாக அங்கேயே இருக்கும் ஒருவர், தன் பணியில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி எது என்று தன் சொற்களிலேயே பேச இடம் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் மேலாண்மை இயக்குநர்களின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குறையைச் சொன்னால் ஆள் வரமாட்டார் என்ற அச்சமே அந்த முகமாற்றத்துக்குக் காரணம். ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் தொலைபேசி ஆபரேட்டர் பணிக்கு வந்தவர்களை வைத்து 1973இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்தை நேரடியாகச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான, நல்லதை மட்டும் காட்டும் படமும், மற்றொரு பிரிவினருக்கு வேலையின் கடினங்களையும் சேர்த்துக் காட்டும் படமும் திரையிடப்பட்டன. உண்மையைப் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு நிதானமாக இருந்தது. பணியில் சேர்ந்த பிறகு வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் அவர்களிடம் குறைவாகவே எழுந்தது. ஆள்சேர்ப்புத் துறையில் இருப்பவர்கள் இதைப் பாடமாகவே படித்துவிட்டு வருகிறோம். படித்துவிட்டு, முதல் வேலையாக நிறுவனத்தின் மாடித் தோட்டத்தைப் படமெடுக்கப் போகிறோம்.

ஊழியர்களின் சொந்தப் பதிவுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றைவிட வலுவானது எதுவும் இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை, வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே அறிமுகமானவர்கள் வழியாகத்தான் அதிகம் வந்து சேர்கிறது என்று காட்டியது. லிங்க்டுஇன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வும், மிதமான அளவில் தளர்ந்த தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது. உங்கள் கணக்கியல் பிரிவில் இருப்பவருடைய பழைய வகுப்புத் தோழருக்கு அறிமுகமான ஒருவருக்கு நிறுவனத்தின் பக்கம் இருப்பதே தெரியாது. அந்தக் கணக்காளர் எழுதிய நான்கு வரிகள் மட்டும் அவர் கண்ணில் பட்டுவிடும். அந்த நான்கு வரிகளை வாட்ஸ்அப் குழுவில் நீங்களே எழுதி அனுப்பி, "அனைவரும் மாலைக்குள் பகிரவும்" என்று கட்டளையிட்டால், நாற்பது பேரின் பக்கங்களில் ஒரே மணி நேரத்தில் ஒரே "பெருமிதம் கொள்கிறேன்" வந்து நிற்கும். அதைப் பார்க்கும் திறமையான மனிதர், இங்கே பகிர்வதற்குக்கூட வருகைப்பதிவு எடுக்கிறார்கள் என்று சரியாகவே புரிந்துகொள்வார். பணிநேரத்தில் எழுத அனுமதி கொடுங்கள், எதை வெளியிடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு விலகிக்கொள்ளுங்கள். எவரும் எழுதவில்லை என்றால் அதுவும் உங்களுக்கான செய்திதான். அதைச் சமூக ஊடகப் பிரிவிடம் அல்ல, பிரிவு மேலாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கசப்பான மதிப்புரை வந்தால் செய்யக் கூடாத முதல் காரியம், எழுதியவர் யார் என்று தேடுவது. சொற்றொடர்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பிற்பகலைச் செலவிட்ட நிர்வாகிகளை நான் அறிவேன். அதே பிற்பகலில் மதிப்புரையில் சொல்லப்பட்ட விடுப்புப் பிரச்சினையைத் தீர்த்திருக்கலாம். வழக்கறிஞர் மொழியில் மிரட்டிப் பதில் எழுதுவதும் வேண்டாம். சொல்லப்பட்டது உண்மையென்றால் ஒப்புக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். மாற்றவில்லை என்றால் முதலில் மாற்றுங்கள். அந்தப் பதிலை, மதிப்புரை எழுதியவர் படிக்கிறாரோ இல்லையோ, நாளை விண்ணப்பிக்கப் போகிறவர் படிக்கிறார். உங்கள் ஆள்சேர்ப்புப் பதிவுகளின் கீழே "இரண்டு சுற்று முடிந்து ஒன்றரை மாதமாகிறது, பதில் இல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பாரே, அந்தப் பின்னூட்டத்தையும் நீக்காதீர்கள். அவருக்குப் பதில் அனுப்புங்கள். நிராகரிப்பைக்கூட மரியாதையாகத் தெரிவிக்கும் நிறுவனம் என்ற பெயரை எந்த விளம்பரச் செலவாலும் வாங்க முடியாது.

பணம் கொடுத்து வேலை விளம்பரம் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இளைஞர்கள் மட்டும் பார்க்கட்டும், ஆண்கள் மட்டும் பார்க்கட்டும் என்று விளம்பரத்தை வடிகட்டும் வழக்கம் பல நிறுவனங்களிடம் இருந்தது. அமெரிக்காவில் குடிமை உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்குகளை அடுத்து, 2019 மார்ச்சில் ஃபேஸ்புக் செய்துகொண்ட சமரசத்தின்படி, அங்கே வேலை, வீடு, கடன் ஆகிய விளம்பரங்களை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டும் வசதி நீக்கப்பட்டது. உங்கள் நாட்டில் அந்த வசதி இன்னும் கிடைத்தாலும், அதைப் பயன்படுத்துவது நியாயம் என்பதற்கு அது சான்றாகாது.

படங்களைப் பற்றியும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊழியரின் முகத்தை வெளியிடுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். உங்கள் சட்டம் எதுவாயினும், வேலையை விட்டுச் சென்றவரின் சிரிப்பை வைத்து ஆள் சேர்ப்பது அழகல்ல. படத்தின் பின்னணியையும் பாருங்கள். 2015 ஏப்ரலில் பிரான்சின் டிவி5மோந்த் தொலைக்காட்சி இணையத் தாக்குதலுக்கு உள்ளான மறுநாள், அதன் ஊழியர் ஒருவர் பேட்டி கொடுத்தபோது பின்னால் ஒட்டியிருந்த தாள்களில் கடவுச்சொற்கள் தெரிந்தன. உங்கள் 'அலுவலகத்தில் ஒரு நாள்' காணொளியில் வாடிக்கையாளரின் பெயர் எழுதிய வெள்ளைப் பலகை தெரிகிறதா என்று, வெளியிடுவதற்கு முன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும்.

இறுதியாக, தயவுசெய்து கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் பரவும் அளவுக்கு அந்தப் பெயரில் போலி ஆள்சேர்ப்பாளர்களும் முளைப்பார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் என்று எதையாவது சொல்லி, வேலையில்லாத ஒருவரிடம் கடைசிப் பணத்தையும் பறித்துக்கொண்டு மறைந்துவிடுவார்கள். பணத்தை இழந்தவர் உங்கள் நிறுவனத்தின் பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார். எந்தக் கணக்குகள் உங்களுடையவை, எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து மட்டும் அழைப்பு வரும், எந்தக் கட்டத்திலும் பணம் கேட்கமாட்டீர்கள் என்பவற்றைப் பக்கத்தின் மேலேயே நிலையாக வையுங்கள். புதியவர் சேர்ந்த அன்றே அவர் பெயர், பிரிவு, படம் எல்லாவற்றையும் சேர்த்து "வருக வருக" என்று அறிவிப்பதையும் நிறுத்துங்கள். யாரையும் இன்னும் அறியாத அந்த முதல் வாரத்தில்தான், தலைமை நிர்வாகியின் பெயரில் "அவசரம், உடனே பரிசு அட்டைகள் வாங்கி அனுப்பவும்" என்று அவருக்குச் செய்தி வருகிறது. அவரும் புது இடத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று தன் பணத்தில் வாங்கி அனுப்பிவிடுகிறார். வரவேற்பை ஒரு மாதம் கழித்து வெளியிடலாம். முதல் நாளிலேயே அவரை உட்காரவைத்து, எங்கள் தலைமை நிர்வாகி ஒருபோதும் இப்படிச் செய்தி அனுப்பமாட்டார் என்று சொல்லிவையுங்கள். மதிப்புரை எழுதவைக்கும் அந்தப் பயிற்சி அறையையே இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.