நீச்சல் குளக் கரையில் காலைச் சுடுவது எது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்துக்குள் இருக்கிற பெருநகரம் ஃபீனிக்ஸ். 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நடைபாதையில் தடுமாறி விழுந்து, எழ முடியாமல் தோல் வெந்துபோனவர்கள் ஒவ்வொரு கோடையிலும் தீக்காயப் பிரிவுக்கு வருகிறார்கள். இந்த ஊரில் கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் இருப்பது சாதாரணம். குளத்தைச் சுற்றிய கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைப் புல் விரிப்பதும் இப்போது பரவிவிட்டது. பச்சையாக இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, ஆகவே குளுமையாகவும் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

2002-இல் பக்கத்து மாநிலமான யூட்டாவில், பிரிகாம் யங் பல்கலைக்கழகம் தன் செயற்கைப் புல் மைதானத்தின் சூட்டை அளந்து பார்த்தது. பகல் நேரச் சராசரியில் நிஜப் புல் சுமார் 26 டிகிரி, கான்கிரீட் 34, தார்த் தளம் 43, செயற்கைப் புல் 47. காற்றின் வெப்பம் 37 டிகிரியாக இருந்த ஒரு நாளில் செயற்கைப் புல் 93 டிகிரியைத் தொட்டது. தண்ணீர் கொதிக்க இன்னும் ஏழே டிகிரி பாக்கி!

நிஜப் புல்லுக்கு இரண்டு தற்காப்புகள் உண்டு. வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. தவிர, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் கணிசமான பங்கை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது. செயற்கைப் புல்லின் இழை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அதற்கு வேரும் இல்லை, வியர்வையும் இல்லை. சாதாரணப் பச்சை நிறமி அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். அடர்ந்த இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து வெப்பத்தை அள்ளிச் செல்வதும் கடினம். கான்கிரீட் வெளிர் நிறம். விழும் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறது, மீதியைத் தன் கனத்துக்குள் இறக்கிக்கொள்கிறது.

இந்தக் கனத்தில்தான் கதை திரும்புகிறது. பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டால், அதை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 200 கிலோஜூல் வேண்டும். அதே பரப்புள்ள செயற்கைப் புல்லுக்கு, இடையில் தூவிய மணலையும் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு போதும். சுட்ட அப்பளத்துக்கும் தோசைக்கல்லுக்கும் உள்ள வித்தியாசம் இது. மேகம் மறைத்தால் புல் சில நிமிடங்களில் தணிந்துவிடும். கான்கிரீட் பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை இரவு வெகுநேரம் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். உச்சி வெயிலில் குளிப்பவருக்குப் புல் எதிரி. இருட்டிய பின் குளக்கரையில் உட்கார்ந்து பேசுகிறவருக்குக் கான்கிரீட்தான் தொல்லை.

பாதம் உணர்வது வெப்பநிலையை மட்டும் இல்லை. தரையிலிருந்து தோலுக்குள் வெப்பம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதையும் சேர்த்துத்தான். இந்த விஷயத்தில் பிளாஸ்டிக் மந்தம், கான்கிரீட் வேகம். அதனால் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கான்கிரீட் அதிகமாகச் சுடும். ஆனால் வெயிலில் இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லையே. தோல் 60 டிகிரியை எட்டினால் சில விநாடிகளில் வெந்துவிடும். எழுபது எண்பது டிகிரிப் புல்லின் மேல் ஒரு குழந்தை நின்றால் மந்தம் காப்பாற்றாது.

தண்ணீர் தெளித்தால் போகிறது என்பார்கள். யூட்டாவில் அதையும் செய்து பார்த்தார்கள். 79 டிகிரியிலிருந்த புல் நனைத்ததும் 29-க்கு இறங்கியது. ஐந்து நிமிடத்தில் 49. இருபது நிமிடத்தில் 73. என் கணக்கில், நிழல் விழாத குளக்கரைக்குச் செயற்கைப் புல் வேண்டாம். மரமோ பந்தலோ உள்ள பக்கத்துக்கு யோசிக்கலாம்.

யோசிக்கக் காரணங்களும் உண்டு. வழவழப்பான ஈரக் கான்கிரீட்டில் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் நின்று சறுக்குகிறது. அதனால்தான் காயும் முன் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். புல்லிழைகள் அந்தப் படலம் உருவாகவே விடுவதில்லை. கான்கிரீட்டில் நீர் ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். செயற்கைப் புல்லின் அடிவிரிப்பில் துளைகள் இருக்கின்றன, நீர் அப்படியே ஜல்லிப் படுகைக்குள் இறங்கிவிடும். ஆனால் இறங்கிய நீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். அடியில் களிமண் என்றால் அது நீர் குடித்து உப்பி, குளத்தின் சுவரையே நெருக்கும். குளத்து நீரிலுள்ள குளோரின் அளவு பாலிஎத்திலீனை ஒன்றும் செய்யாது. உப்புநீர்க் குளமானால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் உப்பு படிகமாகி மேற்பரப்பைப் பொரிய வைக்கும்; புல்லை அலசிவிட்டால் போதும்.

பலர் மறந்துவிடுவது மின்சாரம். ஈரக் கான்கிரீட் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். மோட்டாரிலோ விளக்கிலோ கசிவு ஏற்பட்டு, குளத்து நீருக்கும் கரைத் தரைக்கும் மின்னழுத்த வேறுபாடு இருந்தால், ஒரு கால் நீரிலும் மறுகால் கரையிலும் வைத்தவர் வழியே மின்சாரம் பாயலாம். மின்னழுத்தம் எங்கும் ஒன்றாக இருக்கவே, குளத்தைச் சுற்றி சுமார் 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரையையும் குளத்தின் உலோகப் பாகங்களோடு இணைக்கச் சொல்கிறது அமெரிக்க மின்விதி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலையே அந்த வேலையைச் செய்துவந்திருக்கலாம். அதைப் பெயர்த்துப் புல் போட்டால் இணைப்பும் சேர்ந்தே போய்விடும். புல்லுக்கு அடியில் உறையில்லாத செம்புக் கம்பியைச் சுற்றிலும் புதைத்து இணைக்க வேண்டும். புல் விரிக்க வருபவர் இதைப் பேசவே இல்லையென்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று ஜன்னல். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்ட வாயு, குளிரிலோ வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போதோ சுருங்கும். கண்ணாடி சற்றே உள்வாங்கி, குழியாடியாகி வெயிலைக் குவிக்கும். குவிந்த கீற்று ஊரும் பாதையில் புல்லிழைகள் சுருண்டு உருகிவிடும், அதுவும் குளிர்காலத்தில்! குளத்தைப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தால், புல் வாங்குவதற்கு முன் அதன் வெளிப்புறத்தில் வலைத்திரை மாட்டிவிடுவது மலிவு.