உஜ்வலா கேஸ் இணைப்பு: ஏஜென்சிக்குப் போகும் முன்

எங்கள் தெருவில் சீமைக்கருவேல விறகில் சமைக்கும் ஒரு பெண், உஜ்வலா இணைப்புக்காக நான்கு முறை கேஸ் ஏஜென்சிக்கு அலைந்தார். முதல் முறை ஆதார் நகல் மங்கலாம். அடுத்த முறை படிவம் தீர்ந்துவிட்டதாம். மூன்றாம் முறை, "திட்டமே முடிந்துவிட்டதம்மா." நான்காம் முறைதான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. அவர் பெயர் இருக்கும் குடும்ப அட்டையில் மாமனார் பெயருக்கு ஏற்கெனவே ஓர் இணைப்பு இருக்கிறது. முதல் நாளே கணினியைத் தட்டிப் பார்த்திருந்தால் நான்கு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

மத்திய அரசின் இந்தத் திட்டம் 2016-இல் தொடங்கியது, 2021-இல் இரண்டாம் கட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்தில் 18 வயது நிரம்பிய பெண்ணின் பெயரில், டெபாசிட் இல்லாமல் இணைப்பு. இரண்டாம் கட்டத்திலிருந்து அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம். வரலாறு இவ்வளவு போதும்.

பலரும் விழும் குழி "வீட்டில் வேறு இணைப்பு இருக்கக் கூடாது" என்ற விதிதான். நீங்கள் தனியாக உலை வைக்கலாம். அலுவலகத்துக்கு வீடு என்றால் குடும்ப அட்டை. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006-2011 ஆட்சியில் மாநில அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பைப் பல வீடுகள் மறந்தே போயின. சிலிண்டர் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தாலும் கணக்கில் அந்த இணைப்பு இருக்கும். இண்டேனில் இருப்பதை மறைத்து பாரத் கேஸில் கேட்டாலும் பயனில்லை. மூன்று நிறுவனங்களின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இணைப்பு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் புதிதாகக் கேட்காதீர்கள், இறப்புச் சான்றிதழோடு பெயர் மாற்றம் கேளுங்கள். தனிக்குடித்தனம் என்றால், முதலில் பழைய அட்டையில் பெயரை நீக்கித் தனி அட்டை வாங்குங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.

செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களைக் குடும்ப அட்டை இல்லை என்று துரத்திவிடுகிறார்கள். இது தவறு. புலம்பெயர்ந்தவர்களுக்குக் குடும்ப அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகச் சுய உறுதிமொழியே போதும் என்று விதியே சொல்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாவிட்டால், அச்சிட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

டியூப், வாடிக்கையாளர் புத்தகம், பொருத்தும் கூலி ஆகியவையும் திட்டத்திலேயே அடக்கம். அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும். வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணமும் பில் தொகைக்குள்தான் இருக்கிறது.

இணைப்பு கிடைத்த பிறகுதான் பெரிய ஏமாற்றம். மானியம் முன்கூட்டி வராது. முழு விலையையும் கொடுத்துச் சிலிண்டரை வாங்க வேண்டும், 300 ரூபாய் பிறகு வங்கிக்கு வரும். 2025-26 நிதியாண்டில் இது 9 சிலிண்டர் வரைதான். எந்த வங்கிக்கு? கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ, அதற்கு. மகளிர் குழுவுக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் மானியம் சேர்ந்துகொண்டிருக்க, "வரவே இல்லை" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். ஏஜென்சி கேட்கும் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பையும் தள்ளிப்போடாதீர்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மொத்தப் பணம் புரட்ட முடியாதவர்கள் விண்ணப்பிக்கும்போதே 5 கிலோ சிலிண்டர் கேட்கலாம். ஏஜென்சியில் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள்.

"திட்டம் முடிந்துவிட்டது" என்பதை வாய்வார்த்தையாக நம்பாதீர்கள். ஒதுக்கீடு தீர்வதும் பிறகு திறப்பதும் வழக்கம். 2025-இலும் 25 லட்சம் புது இணைப்புகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. 1800 266 6696 என்ற உஜ்வலா உதவி எண்ணில் கேளுங்கள். உஜ்வலா இணையதளத்தில் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம்.

எங்கள் தெருப் பெண் தனி அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார். தனிச் சமையல்தானா என்று நேரில் பார்க்க வேண்டிய அலுவலர் இன்னும் வரவில்லை.