ஓய்ந்து படுப்பதை மூளை யாரிடமும் கற்பதில்லை

நான்கு வருடம் நடத்திய சின்ன அச்சகத்தை மூடிவிட்டு, திருச்சியில் சித்தி வீட்டு மாடியறையில் படுத்துக் கிடந்த காலம் எனக்கு உண்டு. மெஷினை விற்றாகிவிட்டது, கடன் பாதி மிச்சம். நாள் முழுக்க ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நண்பர்கள் போன் செய்து தைரியம் சொன்னார்கள். தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். எல்லாம் காதில் விழுந்தது, கால்தான் அசையவில்லை. சித்தி மட்டும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. காலை 6 மணிக்கு மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, "டேய், ஆவின் பச்சை பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வா" என்று கத்துவார். அவ்வளவுதான்.

சித்தி செய்ததை அவருக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே என் இடத்தில் இருந்தவை நாய்கள்.

1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்று இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள். 1967-ல் அவர்கள் வெளியிட்ட சோதனை இது. நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள், குழுவுக்கு எட்டு. முதல் குழு நாய்களைத் தொட்டில் போன்ற ஒரு துணிக்கட்டில் நிறுத்தி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையை முட்டினால் அதிர்ச்சி நின்றுவிடும். நாய்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டன. இரண்டாவது குழுவுக்கும் அதே அதிர்ச்சி, அதே கால அளவு. ஆனால் அவை எவ்வளவு முட்டினாலும் பயனில்லை. முதல் குழு நாய்களுக்குச் சராசரியாக எவ்வளவு நேரத்தில் நின்றதோ அவ்வளவு நேரத்தில்தான் இவற்றுக்கும் நிற்கும். மூன்றாவது குழுவுக்கு அதிர்ச்சியே கிடையாது. (இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் அனுமதி தராது. படிக்கும்போது எனக்கே வயிற்றைப் பிசைந்தது.)

மறுநாள் எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு தடுப்பு. அதைத் தாண்டிக் குதித்தால் அதிர்ச்சியிலிருந்து தப்பித்துவிடலாம். முதல் குழு தாண்டிவிட்டது. எந்த அதிர்ச்சியும் பார்க்காத நாய்களிலும் பெரும்பாலானவை தாண்டிவிட்டன. இரண்டாவது குழுவில் மட்டும் எட்டில் ஆறு நாய்கள் தப்பிக்கக் கற்கவே இல்லை. கொஞ்ச நேரம் அங்குமிங்கும் ஓடிவிட்டு, படுத்து முனகின.

இரண்டு குழுக்களும் பட்ட வலியின் அளவு ஒன்றுதான். வித்தியாசம், அந்த வலியை நிறுத்துவது தன் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே. இதற்குக் 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று பெயர் வைத்தார்கள். நான் என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது, அந்தப் பாடத்தைப் புது இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறது என்று விளக்கம் சொன்னார்கள். உளவியல் பாடப்புத்தகங்களில் பல ஆண்டுகளாக நிலைத்துவிட்ட விளக்கம் அது.

அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்படி ஓய்ந்துபோன நாய்களை மீட்க முயன்றார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். தடுப்பை எடுத்துவிட்டு மறுபக்கத்தில் இறைச்சித் துண்டைப் போட்டார்கள். அங்கே நின்று "வா வா" என்று கூப்பிட்டார்கள். நாய் அசையவில்லை. கடைசியில் கழுத்தில் கயிற்றைக் கட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்தார்கள். ஒருமுறை இருமுறை அல்ல, பத்துக் கணக்கில். முதலில் முழு பலத்தோடு இழுக்க வேண்டியிருந்தது. போகப் போக லேசாக இழுத்தாலே வந்தன. பிறகு தானாகவே தாண்ட ஆரம்பித்தன, அப்புறம் நிறுத்தவில்லை.

கூப்பிட்டது பலிக்கவில்லை, இழுத்தது பலித்தது. வாட்ஸ்அப் படத்துக்கும் சித்தியின் குரலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் புரிந்தது.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? செலிக்மன் மனிதர்களின் மனச்சோர்வை ஆராயப் போய்விட்டார். மேயர் நரம்பியல் படித்து, கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தினார். எலிக்கு வாலில் அதிர்ச்சி. முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தைச் சுழற்றினால் நிற்கும், ஜோடி எலிக்குச் சுழற்றினாலும் நிற்காது. அதே பழைய ஏற்பாடுதான்.

மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு சிறிய நரம்பணுக் கொத்து இருக்கிறது. செரடோனின் என்ற வேதிப்பொருளை மூளையின் பல பகுதிகளுக்கு அனுப்புவது இதன் வேலை. கொடுமை நீண்டுகொண்டே போனால் இந்தக் கொத்து தீவிரமாக இயங்குகிறது. பயத்தைக் கையாளும் அமிக்டலாவுக்குச் செரடோனின் போகும்போது பதற்றம் கூடுகிறது. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் உடலைத் தயார்படுத்தும் பகுதிகளுக்குப் போகும்போது அவை அடங்கிப்போகின்றன. பதற்றம் ஏறும், உடல் ஓய்ந்துவிடும். தோற்றுப்போய்ப் படுத்துக் கிடந்தவர்களுக்கு இந்தக் கலவை நன்றாகத் தெரியும். உள்ளே படபடப்பு ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே விரல்கூட அசையாது.

மேயர் குழுவினர் எதிர்பார்க்காத ஒன்று இதில் இருந்தது. இந்தக் கொத்துக்குத் தன் கையில் கட்டுப்பாடு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. கொடுமை நீண்டால் யாருக்கும் அது கிளம்பிவிடும். சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிக்கு மட்டும், நெற்றிப் பக்கம் உள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி 'நான் செய்தது பலிக்கிறது' என்பதைக் கண்டுகொண்டு, கீழே உள்ள கொத்தை அடக்குகிறது.

2005-ல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். அந்த முன்மூளைப் பகுதியை மருந்தால் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தார்கள். எலி அப்போதும் சக்கரத்தை ஒழுங்காகச் சுழற்றியது, அதிர்ச்சியையும் நிறுத்தியது. ஆனால் மறுநாள், எதையுமே நிறுத்த முடியாத எலி போலவே நடந்துகொண்டது. பிறகு தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். எதையும் நிறுத்த முடியாத எலிக்கு அந்தப் பகுதியை மருந்தால் தூண்டினார்கள். அது ஓய்ந்துபோகவில்லை.

இதையெல்லாம் சேர்த்து 2016-ல் மேயரும் செலிக்மனும் மறுபடி ஒன்றாக ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் சொன்னது தலைகீழ் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஓய்ந்துபோவதை நாய் கற்றுக்கொள்ளவில்லை. நீண்ட கொடுமைக்குப் பாலூட்டிகளின் மூளை இயல்பாகக் காட்டும் எதிர்வினையே அதுதான். கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது எதிர்த்திசையில் உள்ளது: 'என் செயலுக்குப் பலன் உண்டு' என்பது. தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்ட கொள்கையைத் தாங்களே புரட்டிப்போட எத்தனை விஞ்ஞானிகளுக்கு மனசு வரும்?

இதை வெறும் சொல் விளையாட்டாக நான் பார்க்கவில்லை. பழைய விளக்கத்தின்படி, படுத்துக் கிடப்பவர் ஏதோ தப்பான பாடத்தைப் படித்துவிட்டார், அவருக்குப் புத்தி சொல்லி அதை அழிக்க வேண்டும். புதிய விளக்கத்தில் அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. மேலே இருந்து அடக்கும் கை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கையை எழுப்புவது, தான் செய்த ஒன்று பலித்ததைத் தானே உணர்வது.

எலியின் மூளையிலிருந்து மனிதனின் வாழ்க்கைக்கு நேராகத் தாவக் கூடாதுதான். ஆனால் மனச்சோர்வுச் சிகிச்சையில், இந்த நரம்பியல் எதுவும் தெரியாமலே, சிலர் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், சோர்ந்த மனிதர் செயல்களைக் குறைக்கிறார், அதனால் நல்லது நடக்கும் வாய்ப்பு குறைகிறது, அதனால் இன்னும் சோர்கிறார் என்ற சுழலை விளக்கினார். அறுக்க வேண்டிய இடம் செயல்தான், மனநிலை அல்ல. 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழு சுமார் 150 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முழுச் சிகிச்சை ஒரு பக்கம், அதில் செயலைத் தூண்டும் பகுதி மட்டும் இன்னொரு பக்கம். பலனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்ற இந்த முறையைச் செயலூக்கச் சிகிச்சை என்று சொல்லலாம். பார்ப்பதற்கு ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிது. முதல் வாரம் மணிக்கு மணி என்ன செய்தோம், அப்போது மனசு எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். மதியம் முழுக்கப் படுத்திருந்தால் மாலையில் மோசமாகிறது, மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கொஞ்சம் தேவலை என்பது போன்ற விஷயங்கள் அதில் வெளிவரும். பிறகு சின்னச் சின்னச் செயல்களுக்கு நேரம் குறித்து, மனசு வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் செய்ய வேண்டும்.

இதன் பலனுக்கான நல்ல சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கோவாவில் சங்காத் என்ற தொண்டு அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள், அடிப்படை இந்தச் செயலூக்கம்தான். மூன்று மாதத்தில், இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். முடிவுகள் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. 64-ஐ 100 என்று யாரும் படித்துவிடக் கூடாது. மூன்றில் ஒருவருக்கு இது போதவில்லை, அவர்களுக்கு மருந்தும் மருத்துவரும் தேவை. வாரக்கணக்கில் எழ முடியாமல் கிடப்பவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். 'சும்மா எழுந்து நட' என்று அதட்டுவதற்கு இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எந்தச் செயல் என்பதும் முக்கியம். அச்சகத்தை மூடிய கையோடு நான் வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தேன். இருபதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. யோசித்தால், பலகையை முட்டியும் பயன் கிடைக்காத நாயாகத்தான் என்னை நானே ஆக்கிக்கொண்டிருந்தேன். பதில் வருவது என் கையில் இல்லை. பால் அப்படியில்லை. பூத்துக்குப் போனால் பால் கிடைக்கும், அடுத்த கால் மணி நேரத்தில் காபியாகக் கைக்கு வரும். செய்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே சந்தேகத்துக்கு இடமே இல்லை.

முதல் இரண்டு வாரம் செருப்பை இழுத்துக்கொண்டு போய் வந்தேன், எதையும் நிமிர்ந்து பார்த்த நினைவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள், பூத் பக்கத்தில் கட்டியிருந்த காதணி விழா ஃபிளெக்ஸில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கன்னாபின்னாவென்று இருப்பதைப் பார்த்து எரிச்சல் வந்தது. எவன்டா இதை அடிச்சவன் என்று அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன். மாதக்கணக்கில் எனக்கு வந்த முதல் தொழில் எரிச்சல் அது. மீதிச் சில்லறையை வாங்க மறந்து வந்ததற்குச் சித்தியிடம் திட்டும் வாங்கினேன்.