காற்றுக்கு வழிவிட்ட ஹெட்போன்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் பையன் ஒருவன், என் ஓப்பன் பேக் ஹெட்போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, முதுகுல மூடியே இல்ல, வெறும் கம்பிவலையா இருக்குது. சத்தமெல்லாம் வெளிய போயிராதுங்களா?"

போகும். போகட்டும் என்றுதான் வலை வைத்திருக்கிறார்கள். இந்த வகை ஹெட்போனின் நல்லது கெட்டது எல்லாம் அந்த வலையிலிருந்துதான் தொடங்குகிறது. கடைக்காரர்கள் 'சவுண்ட் எப்படி', 'கம்ஃபர்ட் எப்படி' என்று இரண்டு தனிக் கட்டம் போட்டு மார்க் கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காதைச் சுற்றிக் காற்று எவ்வளவு கசிகிறது என்ற ஒரே கணக்குதான் இரண்டு கட்டத்தையும் தீர்மானிக்கிறது.

ஒலியை உண்டாக்கும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். சாதாரண ஹெட்போன் டிரைவரில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பக்கத்தில் ஒரு காந்தம். பாட்டின் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாய, சுருள் முன்னும் பின்னும் ஆடுகிறது, படலமும் கூடவே ஆடுகிறது. படலம் காதுப் பக்கம் காற்றை நெருக்கும் அதே கணத்தில் முதுகுப் பக்கக் காற்று தளர்கிறது. ஆக ஒரே டிரைவரில் இரண்டு ஒலி பிறக்கின்றன. அளவு ஒன்றுதான், போக்குதான் நேர் எதிர். முன்பக்க ஒலி நமக்கு. பின்பக்க ஒலியை என்ன செய்வது?

முதுகு மூடிய குளோஸ்டு பேக் வகை அதைக் கிண்ணத்துக்குள் அடைத்துவைக்கிறது. அடைபட்ட காற்று ஸ்பிரிங்காக நின்று படலத்தின் அசைவை எதிர்க்கும். கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, அந்த மெல்லிய படலத்தையே ஊடுருவிச் சற்றுத் தாமதமாகக் காதுக்கு வரும். உள்ளே பஞ்சு வைத்துக் குறைக்கலாம், முழுக்க ஒழிக்க முடியாது. மலிவான குளோஸ்டு பேக்கில் பாடகர் குடத்துக்குள் நின்று பாடுவதாகத் தோன்றுவது இதனால்தான். ஓப்பன் பேக்கில் பின்பக்க ஒலி வலை வழியே அறைக்குள் போய்க் கரைந்துவிடும். திரும்பி வர அதற்குச் சுவர் இல்லை.

1968-ல் வந்த சென்ஹைசர் எச்டி 414-தான் விற்பனைக்கு வந்த முதல் ஓப்பன் பேக். மஞ்சள் ஸ்பாஞ்சு வைத்து, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். 1997-ல் அதே கம்பெனி எச்டி 600-ஐ வெளியிட்டது. அது இன்றும் விற்பனையில் இருக்கிறது, இன்றும் மற்ற மாடல்களை அதோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

இனி பேஸ். ஓப்பன் பேக்கில் அடிச்சத்தம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல் என்பதால். ஆனால் எல்லா சுருதியிலும் இது ஒரே அளவில் நடக்காது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர். 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 17 மீட்டர். காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேடின் ஓரத்தைச் சுற்றிப் பின்னாலிருந்து முன்னால் வரும் தூரம் சில சென்டிமீட்டர்தான். 17 மீட்டர் அலைக்கு அது ஒரு தூரமே இல்லை. எதிரெதிர் போக்கு மாறாமலே வந்து மோதி, அநேகமாக முழுக்க அழிந்துவிடும். உச்ச சுருதிகளுக்கு அந்தத் தூரம் பெரிது, அதனால் அவை தப்பித்துக்கொள்கின்றன. எனவே பேஸைக் காப்பாற்றுவது முன்பக்கத்தின் அடைப்பு, அதாவது பேட் கன்னத்தோடு எவ்வளவு நெருங்கிப் பொருந்துகிறது என்பது. முதுகு திறந்திருந்தாலும் முன்பக்கம் நன்றாக அடைபட்டால் அடிச்சத்தம் நிற்கும்.

இதைச் சோதிக்க பாலக்காட்டுப் பக்கம் மிருதங்கத்தை விடச் சிறந்த கருவி வேண்டாம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் ஊர்ப்பக்கம் இது. பெருவெம்பில் இன்றும் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் தோல் கட்டுகிறார்கள். மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான கரணையைப் பற்றி 1920-லேயே சி.வி.ராமனும் சிவகாளி குமாரும் எழுதியிருக்கிறார்கள். சாதாரணத் தோலின் மேற்சுருதிகள் ஒன்றோடொன்று சேராமல் சிதறும். கரணையின் எடை அவற்றை இழுத்து, அடிப்படைச் சுருதியின் இரு மடங்கு, மும்மடங்கு என்று வரிசையில் நிறுத்திவிடுகிறது. அப்படி வரிசை சரியாக இருந்தால், அடிப்படைச் சுருதி கொஞ்சம் மங்கினாலும் மூளை மேற்சுருதிகளைக் கொண்டு அதை ஊகித்துக்கொள்ளும். அதனால் வலந்தலையின் 'நம்' எந்த ஹெட்போனிலும் பிழைத்துவிடும். இடது பக்கத் தோலான தொப்பி அப்படியல்ல. அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதே சத்தத்தைக் கீழே இறக்கத்தான். கும்கி என்ற வாசிப்பில் உள்ளங்கை தோலை அழுத்தி நகரும்போது வரும் அந்த வழுக்கலைக் கேளுங்கள். பேட் நன்றாகப் பொருந்தினால் அது அடியிலிருந்து எழுந்து மேலேறுவது தெரியும். பொருந்தாவிட்டால் 'தொம்' என்று ஒரு தட்டு மட்டும் கேட்கும், வழுக்கல் காணாமல் போயிருக்கும்.

இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தைக் கேளுங்கள். என்னிடம் வந்து "இந்த மாடல்ல பேஸே இல்லைங்க" என்று சொன்ன பலர் கண்ணாடிக்காரர்கள். கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே பேடைத் தூக்கிப் பிடித்து ஒரு சின்ன இடுக்கு விடுகிறது, அதன் வழியாகத் தொப்பி இறங்கிப் போய்விடுகிறது. தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேமுக்கு இடுக்கு பெரிது, மெல்லிய கம்பி ஃப்ரேமுக்குச் சிறிது. தாடி, அடர்ந்த கிருதா, காதை மூடிய கூந்தல் எல்லாம் இதே வேலையைச் செய்யும். பலரும் கருத்துச் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை. ஒரே ஹெட்போனைப் பற்றி ஒருவர் 'அடி அருமை' என்றும் இன்னொருவர் 'தகரம்' என்றும் எழுதினால், இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். தலைதான் வேறு.

பேட் துணியும் இதே கணக்கில் வரும். வெல்வெட் போன்ற வெலூர் மெத்தை காற்றைக் கொஞ்சம் விடும். தோல் மெத்தை விடாது. ஒரே ஹெட்போனில் வெலூரைக் கழற்றித் தோலை மாட்டினால் பெரும்பாலும் பேஸ் ஏறும், கூடவே வியர்வையும் ஏறும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த நாட்களில் தோல் பேட் குளோஸ்டு பேக்கை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் எடிட்டிங் செய்தால் காதோரம் நசநசவென்றாகிவிடும். ஓப்பன் பேக்கும் வெலூரும் சேர்ந்தால் ஈரக்காற்று வெளியேற இரண்டு வழி. ஆனால் வெலூர் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வப்போது கழற்றி அலசிக் காயவைக்க வேண்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். தோல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுகள் நீரால் உடைந்து, பூச்சு கறுப்புச் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் உரியும்.

இறுக்கத்துக்கு வருவோம். எச்டி 600-ன் எடை 260 கிராம்தான், ஆனால் புதிதாக வாங்கும்போது கன்னத்தை நெருக்கிப் பிடிக்கும். சில வாரம் போனால் தளரும். அந்த இறுக்கம் வடிவமைப்புப் பிழை அல்ல, வெலூர் பேடோடு அடைப்பைத் தக்கவைக்க அது வேண்டியிருக்கிறது. பெயர்டைனமிக் டிடி 990 புரோ 250 கிராம். அதன் மெத்தை வட்டமாக, மென்மையாக இருப்பதால் மாட்டிய மாத்திரத்தில் சுகம் தெரியும். ஆனால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அது கொஞ்சம் உரக்கப் பேசும். பாடகி 'ஸரஸ்வதி' என்றால் 'ஸ' இரண்டும் காதில் குத்தும். பஞ்சவாத்தியப் பதிவில் கைத்தாள வகையான இலத்தாளம் வந்தாலோ சொல்லவே வேண்டாம், மத்தளத்தையும் திமிலையையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நிற்கும். எச்டி 600 அந்த இடத்தில் அடக்கம். நீண்ட நேரம் கேட்பதற்கு எது சுகம் என்று கேட்டால், கன்னம் டிடி 990 என்று சொல்லும், செவி எச்டி 600 என்று சொல்லும். கூரிய உச்சசுருதியும் களைப்பைத் தருவதுதான். நான் செவி பக்கம்.

ஏகேஜி கே701-ல் தலைப்பட்டையின் அடியில் மேடுமேடாக இருக்கும். முடி அடர்ந்தவர்களுக்குப் பரவாயில்லை, உச்சி வழுக்கை விழுந்தவர்களுக்கு அது தண்டனை. கிராடோ வகையில் ஸ்பாஞ்சு காதைச் சுற்றாமல் காதின் மேலேயே உட்காரும். கிட்டார் நறுக்கென்று கேட்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் காதுமடல் நோகும்.

பிளேனார் என்ற இன்னொரு வகை உண்டு. இதில் சுருள் கிடையாது. மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடத்தை வரைந்து, காந்த வரிசைகளுக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். 1976-லேயே யமஹா இந்த முறையில் எச்பி-1 என்று ஒன்றை விற்றது. படலம் முழுப்பரப்பிலும் ஒரே சீராகத் தள்ளப்படுவதாலும், அதன் இயல்பான அதிர்வெண் தாழ்வாக இருப்பதாலும், பேட் நன்றாக அடைத்தால் அடிச்சத்தம் ஆழம்வரை விழாமல் போகும். தொப்பிக்கு இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. விலை? காந்தங்களின் எடை. ஹைஃபைமேன் சுந்தரா 372 கிராம், ஆடிஸின் எல்சிடி-2 ஏறக்குறைய 600 கிராம். அரைக்கிலோவுக்கு மேல் கழுத்தில் சுமந்துகொண்டு முழுக் கச்சேரி கேட்பவருக்குத் தனியாவர்த்தனம் வரும்போது கவனம் தாளத்தில் இருக்காது, கழுத்தில்தான் இருக்கும்.

'விரிந்த ஒலி', 'சவுண்ட்ஸ்டேஜ்' என்றெல்லாம் விளம்பரத்தில் வருவதை எவ்வளவு நம்பலாம்? பாதி நம்பலாம். எதிரே இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். காதுமடலின் மடிப்புகளில் பட்டு, வரும் திசைக்கேற்ப உருமாறும். இவற்றை வைத்துத்தான் ஒலி எங்கிருந்து வருகிறது என்று மூளை கணிக்கிறது. ஹெட்போனில் இடது ஒலி இடது காதோடு சரி. அதனால் கச்சேரி மேடை தலைக்குள்ளேயே விரிகிறது. ஓப்பன் பேக் இந்த அடிப்படையை மாற்றாது. ஆனால் கிண்ணத்தின் எதிரொலி இல்லை, அறையின் சத்தமும் உள்ளே வருகிறது. அடைபட்டிருக்கிறோம் என்ற உணர்வு போய்விடுவதால் மூளை தாராளமாகிவிடுகிறது. 2009-ல் வந்த எச்டி 800-ல் 56 மில்லிமீட்டர் டிரைவரைக் காதிலிருந்து தள்ளி, முன்புறமாகச் சாய்த்து வைத்தார்கள். ஒலி காதுமடலின் மடிப்புகளில் பட்டு நுழைகிறது. அதில் விரிவு மெய்யாகவே கூடுதல்.

அறையின் சத்தம் உள்ளே வருவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் தென்னை மட்டைகளைப் போட்டு அடிக்கும்போது ஓப்பன் பேக்கில் தம்புரா கேட்காது. மின்விசிறியின் இரைச்சலும் அப்படித்தான். உடனே கை வால்யூமுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். பஸ்ஸில், சந்தைக்கடையில், ஃபேன் ஓடும் ஹாலில் ஓப்பன் பேக் வேண்டாம். அங்கே குளோஸ்டு பேக்தான் காதுக்குப் பாதுகாப்பு. பக்கத்தில் குழந்தை தூங்கினாலும் அப்படியே. நீங்கள் கேட்கும் அதே செண்டையை வலை வழியாக அதுவும் கேட்கும்.

ஆம்ப்ளிஃபையர் பற்றி இரண்டு வரி. 1 வோல்ட் கொடுக்கும் போன், 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் தரும், 300 ஓம் எச்டி 600-க்கு 3 மில்லிவாட் சொச்சம்தான். போதவில்லை என்றால் போனில் செருகும் சிறிய ஆம்ப்ளிஃபையரான டாங்கிள் ஒன்று போதும், பெரிய பெட்டி வேண்டியதில்லை. ஆனால் பழைய ரிசீவர்களில் ஹெட்போன் துளைக்குப் பின்னால் பெரிய மின்தடை போட்டிருப்பார்கள், அது சத்தத்தையே மாற்றும். எச்டி 600-ன் தடை எல்லாச் சுருதியிலும் 300 ஓம் அல்ல. 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500-ஐத் தாண்டும். அந்த இடத்தில் மட்டும் கூடுதல் மின்னழுத்தம் கிடைத்து, தொப்பி சற்று வீங்கிக் கேட்கும். சிலருக்கு அது பிடித்தும் போகிறது.

எடிட் பண்ணும் பையனுக்கு நான் சொன்னது: கடைக்குப் போகும்போது கண்ணாடியோடு போ, போனில் தெரிந்த மிருதங்கப் பதிவு ஒன்றை வைத்துக்கொள், மாட்டிய ஐந்தாவது நிமிஷத்தில் அல்ல, நாற்பதாவது நிமிஷத்தில் முடிவு செய். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மாற்று பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடு. மெத்தை நசுங்க நசுங்க டிரைவர் காதை நெருங்கும், அடைப்பு தளரும், சத்தம் மெல்ல மாறும். பழைய ஹெட்போன் 'செத்துப்போச்சு' என்று தூக்கிப் போடுகிறவர்களில் பலர் மாற்ற வேண்டியது மெத்தையைத்தான்.