காசு கொடுத்து வாங்கிய ஐந்து நட்சத்திரம்

வேலூரில் சிறு கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் விளம்பர வேலை செய்து தருவது என் தொழில். "பேப்பர், கேபிள் டிவி எல்லாம் நிறுத்திட்டேன் சார், இனிமே வாய்வழி விளம்பரம்தான்" என்று வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் போனை நீட்டுகிறார்கள். கூகுளில் வரிசையாக ஐந்து நட்சத்திரம். அண்மையில் வந்த ஒரு லாட்ஜ் உரிமையாளரைப் புகழ்ந்திருந்த ஆள், சூரத்தில் ஒரு சோபா கடையையும் லூதியானாவில் ஒரு பல் டாக்டரையும் அதே வார்த்தைகளில் புகழ்ந்திருந்தார்.

ஐயா, இதற்குப் பெயர் பொய் விளம்பரம். ஒருவர் தன் மச்சானிடம் "அந்தக் கடைக்குப் போ" என்று சொல்லும்போது தன் பேரைப் பணயம் வைக்கிறார். பொருள் சரியில்லை என்றால் அடுத்த கல்யாண வீட்டில் பேச்சு வாங்கப்போவது அவர்தான். அந்தப் பயத்தோடு சொல்வதால்தான் அதற்கு மதிப்பு. கூலிக்கு எழுதுபவருக்கு மச்சானும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. ஆள் பிடித்து வர ஆட்டோக்காரருக்குக் கமிஷன் தருவதும் இதே ரகம்தான். அந்தக் கமிஷன் வாடகையில் ஏறும், வந்தவர் பக்கத்து லாட்ஜில் விசாரித்து அதைக் கண்டுபிடிப்பார்.

நம் ஊரில் இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எந்தப் பேனரைப் பார்த்து வருகிறார்கள்? முன்னால் வந்து போன உறவுக்காரர் சொல்லித்தான். எந்த லாட்ஜில் சமைக்க விடுவார்கள், எந்தக் கடையில் மீன் சாப்பாடு கிடைக்கும் என்பது வரை அவரே சொல்லி அனுப்புகிறார். காட்பாடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போதே பலர் கையில் லாட்ஜ் பெயர் இருக்கிறது. நம்ம லாட்ஜ் உரிமையாளரின் நட்சத்திரங்களை நம்பி வந்த ஒரு குடும்பம், ஆபரேஷன் முடிந்த அம்மாவை லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறது. ஊருக்குப் போய் அவர்கள் சும்மா இருப்பார்களா? இப்போது அவருக்கு வாய்வழி விளம்பரம் உண்மையிலேயே நடக்கிறது, எதிர்த் திசையில்.

சரி, பழைய விளம்பரம் வேண்டாமா? வேண்டும். (கொஞ்சம் என் பிழைப்புக்காகவும் சொல்கிறேன்.) கடை திறப்பு, இடமாற்றம், ஆடித் தள்ளுபடி இதெல்லாம் செய்தி. நாலு பேர் சொல்லிப் பரவும்வரை காத்திருந்தால் ஆடி முடிந்து ஆவணி வந்துவிடும். ஆற்காடு மக்கன் பேடாவுக்கு வாய்ச்சொல்லே போதும். போன மாதம் திறந்த ஸ்வீட் ஸ்டாலுக்குப் போதாது.

ரிவ்யூவைக் காசுக்கு வாங்காதீர்கள். "ரிவ்யூ போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று எழுதி ஒட்டாதீர்கள், கூகுள் விதிப்படி அதுவும் தப்பு. பில் போடும்போது "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். எந்த விளம்பரத்தை நிறுத்தலாம் என்பதை அந்த நோட்டே காட்டும். காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு விளம்பர நெறிமுறைகள் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கிளினிக் நடத்துபவர்களே, நோயாளியை அனுப்பி வைக்கக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறையிலேயே தடை. என்னிடம் அதற்குத் திட்டம் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே ரிவ்யூவைக் காசுக்கு வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை தராவிட்டால் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டுவேன் என்று விற்றவரே மிரட்டுவது உண்டு. பயந்து பணம் அனுப்பாதீர்கள். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசிடம் கொடுங்கள், போலி ரிவ்யூக்களைக் கூகுளிடமும் புகார் செய்யுங்கள். அப்புறம் அந்த மூன்றாவது மாடியை, படி ஏறக்கூடியவர்களுக்கு மட்டும் வாடகைக்கு விடுங்கள்.