அவரிடம் கேட்டீர்களா?

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய் சில காலத்திற்கு முன்பு தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். மகனுக்கு 26 வயது. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும், சிறு பராயம் முதல் வலிப்பும் அவருக்கு உண்டு. காலி வீதியில் உறவினர் ஒருவருடைய கடையில் பொருட்களை அடுக்கிவைக்கும் வேலை செய்துவந்தவர், சில மாதங்களாகக் காலையில் எழும்ப மறுக்கிறார் என்பதும், வற்புறுத்தினால் கோபப்படுகிறார் என்பதும் தாயின் முறைப்பாடு. "சோம்பல் கூடிப்போச்சு மிஸ், சொன்னாலும் கேக்கிறான் இல்லை" என்றார். மகன் பக்கத்துக் கதிரையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வழமையாகச் செய்வதையே அன்றும் செய்தேன். ஒரு நாளின் வேலைகளைக் காட்டும் படங்களை மேசையில் பரப்பி, எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவரிடமே கேட்டேன். பதில் வர நேரம் எடுத்தது. இடையில் இரண்டு முறை தாய் பேச வாயெடுத்தார். சற்றுப் பொறுக்கும்படி கையால் காட்டினேன். மகன் கடையின் படத்தைத் தொட்டுச் சிரித்தார். பிறகு குளிசைப் படத்தை எடுத்துக் காலைச் சூரியனின் படத்துக்கு மேல் வைத்து, தலையை மேசையில் சாய்த்துக் கண்களை மூடிக் காட்டி, "தலை பாரம்" என்றார். சில மாதங்களுக்கு முன்பு அவருடைய வலிப்பு மருந்தின் அளவு கூட்டப்பட்டிருந்தது. அதற்குப் பின் மூன்று முறை கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். மூன்று முறையும் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்ற கேள்வி தாயிடம் கேட்கப்பட்டு, "இல்லை" என்ற பதிலையும் தாயே சொல்லியிருக்கிறார். குளிசையை விழுங்குகிறவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்காகப் பேசிப் பேசியே பாடசாலையில் ஓர் இடத்தையும், வைத்தியசாலையில் ஒரு முறைநாளையும், பிரதேச செயலகத்தில் ஓர் உதவித்தொகையையும் பெற்றவர் அவர். அவர் பேசியிராவிட்டால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் அதே வழக்கம் தொடரும்போது, அவருக்குள் ஒரு கருத்து இருக்கக்கூடும் என்ற எண்ணமே வீட்டில் இல்லாமற் போய்விடுகிறது. தனக்காகத் தானே பேசுதல் என்று நாங்கள் சொல்வது மேடையேறி உரையாற்றுவதை அல்ல. தன் உடம்பைப் பற்றியும், தன் பணத்தைப் பற்றியும், தான் எங்கே, யாருடன் இருக்க விரும்புகிறேன் என்பதைப் பற்றியும், சொல்லாலோ படத்தாலோ சைகையாலோ தானே தெரிவிப்பதுதான் அது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. கற்றல் குறைபாடு என்பதை நம்மவர்கள் இரண்டு பொருளில் வழங்குகிறார்கள். எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் மட்டும் இடர்ப்படும் பிள்ளைகளையும் அப்படிச் சொல்கிறோம்; புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், அன்றாடக் காரியங்கள் ஆகியவற்றில் வாழ்நாள் முழுவதும் உதவி தேவைப்படுபவர்களையும் அப்படியே சொல்கிறோம். நான் எழுதுவது இரண்டாமவர்களைப் பற்றி. இவர்களுடைய இயக்கம் புதிதும் அல்ல. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 1974ஆம் ஆண்டு இவர்களே ஒன்றுகூடி, குறைபாட்டின் பெயரால் எங்களை அழைக்க வேண்டாம், நாங்கள் முதலில் மனிதர்கள் என்ற கருத்தையே தங்கள் அமைப்பின் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. இலங்கை அதில் 2007இல் கைச்சாத்திட்டு, 2016இல் அதை ஏற்புறுதி செய்தது. அதன் 12ஆம் உறுப்புரை, மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்ட ஆற்றல், அதாவது தன் காரியங்களில் தானே சட்டப்படி செல்லுபடியாகும் முடிவுகளை எடுக்கும் தகைமை, உண்டு என்றும், அதைப் பயன்படுத்த அவர்களுக்குத் தேவைப்படும் ஆதரவை அரசு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2014இல் சமவாயத்தின் நடைமுறையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு இதற்கு எழுதிய விளக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஒருவருடைய விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாதபோதுகூட, அவருக்கு எது நல்லது என்று நாம் நினைப்பதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அவரை நன்கு அறிந்தவர்களைக் கொண்டு, அவர் எதை விரும்பியிருப்பார் என்று இயன்றளவு கண்டறிந்தே தீர்மானிக்க வேண்டும். 'உன் நன்மைக்குத்தான்' என்ற ஒரே வசனத்தால் எத்தனையோ பேருடைய வாழ்க்கை அவர்களைக் கேளாமலே நடத்தப்பட்டுவருவதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் கனம் விளங்கும்.

நம் உள்நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று நீதிமன்றத்தின் மூலம் தீர்மானித்து, அவருடைய ஆதனத்தை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் பழைய ஏற்பாடு குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இன்றும் இருக்கிறது. அப்படித் தீர்மானிக்கப்பட்டவர் அரசியலமைப்பின்படி வாக்குரிமையையும் இழக்கிறார். காணி, வீடு சம்பந்தமான ஒரு வசதிக்காக இந்த வழியை நாடும் குடும்பங்கள், கூடவே எது பறிபோகிறது என்பதை முன்கூட்டியே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னுமொரு தடை உண்டு. தமிழ் 1987ஆம் ஆண்டு முதல் அரச கரும மொழியாக இருந்தாலும், வைத்தியசாலையிலும் வங்கியிலும் பெரும்பாலும் சிங்களத்திலேயே கேள்வி வருகிறது. மகனுக்குச் சிங்களம் தெரியாது, தாய்க்கு அரைகுறை, ஆகவே தங்கை மொழிபெயர்க்கிறாள். மகன் சொன்னதைத் தாய் சுருக்கி, தாய் சொன்னதைத் தங்கை சுருக்கி, வைத்தியரின் காதுக்குப் போய்ச்சேரும்போது 'தலை பாரம்' என்பது 'கொஞ்சம் களைப்பு' என்றாகிவிடுகிறது. இலகு தமிழில், பெரிய எழுத்தில், படத்துடன் எழுதிய ஒரு தாளை முன்கூட்டியே தயாரித்து, தமிழுக்குக் கீழே சிங்களத்தில் ஒரு வரியும் எழுதிக் கொண்டுபோனால், அவருடைய சொல் அவருடைய சொல்லாகவே போய்ச்சேரும்.

தமிழிலேயே பேசும்போதும் மொழி வேறொன்றைக் காட்டிக்கொடுக்கிறது. 19 வயதுத் தங்கையை அலுவலகத்தில் "நீங்கள்" என்று அழைப்பவர்கள், 26 வயது அண்ணனை "நீ" என்கிறார்கள். சிலர் அவரை "பிள்ளை" என்றுகூட அழைக்கிறார்கள். அவரைப் பற்றிப் பேசுவதோ எப்போதும் படர்க்கையில்தான்: "இவர் சாப்பிடுவாரா?" அதே கேள்வியை அவருடைய முகத்தைப் பார்த்து "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்கச் செலவேதும் இல்லை. தாதியருக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி நடத்தும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பழக்குவதைச் சிறிதிலிருந்து தொடங்க வேண்டும். எந்தச் சட்டை, தேநீரா பாலா, பஸ்ஸில் எந்தப் பக்கத்து இருக்கை என்று ஒவ்வொரு நாளும் சிலவற்றையாவது அவரே தெரிவுசெய்யட்டும். கேட்டபின் காத்திருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். தெரிவு தவறாகிப் போனாலும் போகட்டும். வெயில் நாளில் தடித்த சட்டையைப் போட்டு வியர்த்தவர் மறுநாள் மெல்லிய சட்டையை எடுப்பார். அந்த அனுபவத்தை நாம் பறித்துவிட்டால் அவர் எதைக்கொண்டு தீர்மானிக்கக் கற்பார்?

எல்லாவற்றிலும் அவசரமாகக் கற்பிக்க வேண்டியது 'வேண்டாம்' என்ற சொல். நாம் நல்ல பிள்ளை என்று மெச்சுவது சொன்னதைக் கேட்கும் பிள்ளையை. பெரியவர் யார் தொட்டாலும் அசையாமல் நிற்கவும், யார் கூப்பிட்டாலும் போகவும் பழக்கப்பட்ட ஒருவர், துன்புறுத்த வருகிறவரிடமும் அப்படியே நிற்பார். நடந்ததைச் சொல்ல அவருக்குச் சொல்லும் இராது. சொன்னாலும் நம்புவதற்கு ஆளிராது. ஆகவே உடலுறுப்புகளின் பெயர்களை மழுப்பாமல் கற்பியுங்கள். முத்தம் கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பை உறவினர் முன்னிலையிலும் மதியுங்கள். வீட்டில் செல்லுபடியாகாத 'வேண்டாம்' வெளியில் வாயில் வராது. பாதுகாப்புக்காகத்தான் அவர்களைப் பேசவிடாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்லும் பெற்றோரிடம் நான் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவது இதையே.

வாக்களிப்பும் அப்படித்தான். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. எவருக்குமே மலைப்பைத் தரும் நீளம். என்னிடம் வரும் ஒரு பெண்ணுக்கு அவருடைய அக்கா வெற்றுத் தாளில் சின்னங்களை வரைந்து, தான் விரும்பும் சின்னத்துக்கு நேரே மட்டும் புள்ளடி இடுவதற்கு ஒரு வாரம் பழக்கினார். யாருக்கு இடுவது என்று அக்கா சொல்லவில்லை. வாக்களித்துவிட்டு வந்த பெண், யாருக்குப் போட்டாய் என்று கேட்டவர்களிடம் "ரகசியம்" என்று சொல்லிவிட்டாராம்.

வெள்ளவத்தை இளைஞருக்கு நாங்கள் உள்ளங்கையளவில் ஓர் அட்டை செய்தோம். குளிசை, காலைச் சூரியன், சாய்ந்த தலை என மூன்று படங்கள். கீழே இரு மொழியிலும் ஒரு வரி. அடுத்த கிளினிக்கில் தாய் பேசாமல் இருக்க, அவரே அதை எடுத்து வைத்தியரின் முன் வைத்தார். வைத்தியர் அட்டையைப் பார்த்து, அவரிடமே மேலும் இரண்டு கேள்விகள் கேட்டு, காலை வேளை அளவைக் குறைத்து இரவு வேளைக்கு மாற்றிக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவர் கடைக்குப் போகத் தொடங்கினார். அட்டை இப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. போன மாதம் வந்தபோது அதில் இன்னொரு படம் சேர்க்க வேண்டும் என்றார். என்ன படம் என்று கேட்டேன். வாயைத் திறந்து, இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல்லை விரலால் காட்டினார்.